ஊர்க் கதையும் ஒளிப்படக் கருவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளைஞரும் இக்காலக் கருவிகளும் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். கருவிகளின் திறத்தை விரித்துரைக்க என்னினும் வல்லார் இச்சபையிலேயே இருக்கின்றனர். ஆதலால் அக்கருவிகளை எடுத்துக்கொண்டு கிராமங்களை நோக்கிப் புறப்படும் இளைஞரைப் பற்றியே நான் பேச விரும்புகின்றேன்.

நம்மவருள் ஒரு புதிய வகுப்பினர் இன்று தோன்றியிருக்கின்றனர். பத்திரிகைக் காரியாலயத்திலோ வானொலி நிலையத்திலோ அவர்களுக்கு நாற்காலி கிடையாது. மாதச் சம்பளமும் கிடையாது. ஒரு கைத்தொலைபேசி, சட்டையிற் கொழுவும் சிறு ஒலிவாங்கி, ஒரு முக்காலி, அநேகமாக இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று, இவையே அவர்தம் முதலீடு. படுவான்கரை வயல்வெளிக்கும், வன்னிக் குளக்கட்டுக்கும், தீவகத்துப் பனங்கூடலுக்கும் சென்று, அங்குள்ள மனிதரையும் அவர்தம் தொழிலையும் சடங்கையும் கூத்தையும் எழுத்தாலும் நிழற்படத்தாலும் ஒலியாலும் அசையும் படத்தாலும் பதிந்து உலகுக்குக் காட்டுகின்றனர். பல்லூடகக் கதைசொல்லல் என்று இதற்குப் பெயர் வழங்குகின்றது. எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாது தம் விருப்பிற் செய்வதால் சுயாதீனக் கதைசொல்லிகள் என்று இவர்களைச் சொல்வர். வேலையற்றவன் பார்க்கும் வேலை என்று முதியோர் சிலர் இதனை எள்ளுவதும் உண்டு. நான் அவ்வாறு எண்ணுகிறவன் அல்லன். இதுவும் வேலைதான், அதுவும் கடன் சுமக்கும் வேலை. அந்தக் கடன் யாருக்கு, அதனைத் தீர்ப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்டது.

ஊர் மனிதரின் கதையைத் திரட்டுதல் நம் சமயத்துக்குப் புதியதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அடியார்களின் பெயரைச் சொன்னார். நம்பியாண்டார் நம்பி அதனைச் சிறிது விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சோழனின் அமைச்சராயிருந்த சேக்கிழார் அதனைப் பெருங்காப்பியமாக்கினார். அக்காப்பியத்தில் வரும் மாந்தர் யார் யார் என்று எண்ணிப்பாருங்கள். குயவர் இருக்கின்றார், வண்ணார் இருக்கின்றார், வேடர் இருக்கின்றார், வலை வீசும் பரதவர் இருக்கின்றார், ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்த நந்தனார் இருக்கின்றார். ஒவ்வொருவருக்கும் ஊரும் தொழிலும் குலமும் முதலிற் சொல்லப்படுகின்றன. அதன் பின்னரே கதை நடக்கின்றது. இன்று நம் இளைஞர் வெளியிடும் படங்களிற் பலவற்றில் மனிதரின் பெயரே இருப்பதில்லை. ‘கிராமத்துப் பாட்டி’, ‘வயதான மீனவர்’, ‘கூத்துக் கலைஞர் ஒருவர்’ என்று போட்டுவிடுகின்றனர். பாட்டிக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்குமல்லவா?

எழுத்து மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே கதை உண்டு. தில்லையில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகளிற் பெரும்பகுதியைச் செல்லரித்திருந்தது என்றும், எஞ்சிய பாடல்கள் கையில் வந்தபோது அவற்றின் பண் இன்னதென்று அறிய வழியிருக்கவில்லை என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அப்பொழுது அரசனும் நம்பியும் தேடிச் சென்றது எருக்கத்தம்புலியூருக்கு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் தொண்டையிலிருந்தே பண் மீண்டது. எழுத்தைக் காப்பாற்றியது ஏடு. இசையைக் காப்பாற்றியது ஒரு மனுஷியின் குரல். அம்மாதரசியின் பெயரை அப்புராணம் நமக்குச் சொல்லாமற் போனது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே தோன்றுவது.

யாழுக்கு அந்தப் பாக்கியமும் இருக்கவில்லை. அதனை மீட்டிய கைகள் ஓய்ந்தபின் ஒலியை அறிந்தார் ஒருவரும் இல்லாமற் போயினர். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு காலம் பழைய நூல்களைத் துருவி, கணித முறையால் அளந்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட நேர்ந்தது இதனாலேயே. அவ்வாண்டிலேயே அவர் சிவபதமடைந்தார். ஒரு பேரறிஞரின் ஆயுளிற் பெரும்பகுதியைக் கேட்ட வேலை அது. ஒலியைப் பிடித்துவைக்கும் கருவி அன்று இருந்திருந்தால், ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும். அக்கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கின்றது. (நமது வாவியின் மீன்பாட்டை 1960 களில் இலங்கை வானொலி ஒலிபரப்பியது. மீனுக்குக் கிட்டிய அந்த அதிர்ஷ்டம் நம் அண்ணாவிமார் பலருக்குக் கிட்டவில்லை.)

இலங்கையில் இத்தகைய பதிவுக்கு முன்னோடி என்று கூறத்தக்கவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 இலிருந்து 1906 வரை இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்தவர் அவர். பாறையைத் தேடித் திரிந்தவரின் கண், கண்டிப் பகுதிச் சிற்பாசாரிமாரிலும் நெசவாளரிலும் கொல்லரிலும் விழுந்தது. அவர் கேட்டு எழுதினார், வரைந்தார். அவர் மனைவியார் எதெல் அம்மையார் நிழற்படம் எடுத்தார். மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908 இல் 425 பிரதிகள் மட்டுமே அச்சாகி வெளிவந்தது. இன்றைய மொழியிற் சொன்னால் அதுவும் பல்லூடகம்தான். அந்நூலில் நான் மதிப்பது யாதெனில், வேலை செய்து முடித்த பொருளைக் காட்டுவதோடு நில்லாமல், வேலை எப்படி நடக்கின்றது, கருவிக்குப் பெயர் என்ன, தொழிலாளிக்குக் கூலி எந்த முறையில் வந்தது என்பவற்றையும் அவர் கேட்டறிந்தமையாகும்.

அதே காலத்திற் செலிக்மன் தம்பதியர் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் வேடரிடையே தங்கி ஆராய்ந்தனர். மெழுகு உருளைகளில் வேடரின் பாடல்களைப் பதிந்தனர். அவர்கள் எழுதிய நூல் 1911 இல் வெளியாயிற்று. அவ்வுருளைகள் இலண்டனில் இருக்கின்றன. பாடியவரின் பேரப்பிள்ளைகள் இருந்ததோ காட்டோரத்தில். தம் பாட்டனின் குரலைக் கேட்க அவர்கள் கடல் கடந்தல்லவா போயிருக்கவேண்டும்? ஆராய்ச்சி செய்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பதிந்திராவிட்டால் அந்தக் குரல் எங்குமே இராது. ஆயினும் எடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்னும் கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. இலண்டனுக்குப் பதிலாக இன்று யூரியூப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கூத்துக்கு வருகின்றேன். மட்டக்களப்பிலே ஒரு கூத்து மேடையேற மாதக்கணக்கிற் செல்லும். ஆட்டக்காரருக்குச் சட்டம் கொடுத்து, பழக்கி, சதங்கை அணிவித்து, கிழமைக் கூத்து ஆடி, அடுக்குப் பார்த்து, அதன் பின்பே அரங்கேற்றம். அரங்கேற்றமும் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். அத்தோடும் தீர்ந்துவிடாது, வீட்டுக்கு வீடு ஆடுதல் பின்னால் வரும். நம் இளைஞர் எப்பொழுது வந்து சேர்கின்றனர்? அரங்கேற்றத்தன்று, இரவு பத்து மணிக்கு. எப்பொழுது போகின்றனர்? கொலு வரவும் ஒரு போரும் ஆடி முடிந்ததும். எதைக் கொண்டுபோகின்றனர்? கரப்புடுப்பும் கிரீடமும் சுழலும் முப்பது விநாடி. கதை முதிர்ந்து, அழுகைத் தரு எழுந்து, கிழவிகள் சேலைத் தலைப்பால் கண் துடைக்கும் அந்த மூன்று மணி வேளையில் களரியருகே ஒரு கமராவையும் காண்பது அரிது.

களரி வட்டமானது என்பதையும் கவனியுங்கள். சனங்கள் நாற்புறமும் இருப்பர். ஆடுபவன் நாற்புறமும் திரும்பி ஆடுவான். கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் அகப்படுவது ஒடுக்கமான ஒரு கீற்று. அண்ணாவியார் எங்கே நிற்கின்றார், மத்தளத்தை எப்பொழுது நெருக்குகின்றார், பிற்பாட்டுக்காரர் எந்த இடத்தில் அடியை ஏற்றுக்கொள்கின்றனர் என்பதெல்லாம் அக்கீற்றுக்கு வெளியே போய்விடும். கூத்தை ஆட்டுவிப்பவர் படத்தில் இல்லை. ஆடுகிறவன் தனியே துள்ளுவதுபோற் தெரிகின்றது. இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்றை உயரத்தில் அசையாமல் நிறுத்தி முழு வட்டத்தையும் எடுக்கவேண்டும். மற்றது அண்ணாவியாரை விட்டு விலகக்கூடாது. ஒலியைத் தனியாக, மின்பிறப்பாக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் தொலைவில் வைத்துப் பதியவேண்டும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்ததை யாவரும் அறிவர். அலங்காரரூபன் நாடகம் 1962 இல் அச்சாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போரையும் அவ்வாண்டிலேயே மேடையேற்றினார். கிராமத்தவன் கூத்து என்று படித்தவர் முகஞ்சுளித்த காலத்தில் அவர் செய்த தொண்டு அளப்பரியது. அச்சிட்ட நூலில் விருத்தமும் தருவும் வசனமும் இருக்கின்றன, தாளக்கட்டும் இருக்கும். எட்டு எப்படிப் போடுவது, வீசாணத்தில் தோள் எங்கே சாயும், பொடியடியிற் குதிக்கால் நிலத்தில் படுமா படாதா என்பதை அச்செழுத்தால் எப்படிக் காட்டமுடியும்? அவர் காலத்தில் அதற்கு வழி அரிது. இப்பொழுது உண்டு. ஏட்டில் இல்லாததை ஒலியும், ஒலியில் இல்லாததைப் படமும் தருமாயின், அப்போதுதான் பல்லூடகம் என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகின்றது. நிழற்படத்துக்குப் பின்னால் ஒரு சினிமா மெட்டை ஓடவிடுவதற்கு அப்பெயர் வேண்டியதில்லை.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். பறைமேளம் பற்றியது. கோயிற் சடங்கிலும் மரண வீட்டிலும் கிழக்கில் அது முழங்கி வருவது நீங்கள் அறிந்ததே. ‘ஆதித் தமிழனின் வீர முழக்கம்’ என்று தலைப்பிட்டு அதனைப் படமாக்குவது இன்று ஒரு மோகமாகியிருக்கின்றது. மேளத்தின் அடிகளில் அருமையான கணக்கு இருக்கின்றது, ஐயமில்லை. ஆயினும் அதை அடிக்கும் குடும்பத்துக்கு அது கலையாக மட்டும் இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக அது ஊழியமாகவும் இருந்தது. அந்த ஊழியத்தோடு கட்டப்பட்ட தாழ்வும் இருந்தது. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இலங்கைப் பறைமேளக்காரர் பற்றி 1983 இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மேளத்தைத் தேடிப் போகும் முன் அவர் பலகாலம் மனிதரோடு பழகினார்.

தகப்பன் பெருமையோடு அடிப்பார். பாடசாலை உயர்தர வகுப்பிற் படிக்கும் மகன் ‘எங்கட முகத்தைப் போடவேண்டாம்’ என்பான். இருவரிடமும் நியாயம் இருக்கின்றது. மேளத்தை விட்டால் அருங்கலை அழியும் என்று நாம் வாதிடுகின்றோம். அப்படி வாதிடும் நாம் அந்த வீட்டில் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்தோமா? நம் கோயிலின் எந்த வாசல்வரை அவரை வரவிட்டோம்? சைவ வாலிபர் சங்கம் ஒன்றிற் பேசும்போது இதனைச் சொல்லாமல் விடுவது நந்தனாருக்கும் சேக்கிழாருக்கும் செய்யும் பிழையாகும். மகன் வேண்டாம் என்றால் முகத்தைப் போடக்கூடாது, அவ்வளவுதான். கையையும் மேளத்தையும் தகப்பனின் குரலையும் எடுங்கள். அவன் பத்தாண்டு கழித்து வந்து, என் முகத்தையும் சேர் என்றால், அன்று சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகவாவது மூலப்பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒப்பாரியும் அவ்வாறே. மக்கள் கவிமணி மு. இராமலிங்கம் வட இலங்கை நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டியவர். அவ்வழியிற் செல்ல விரும்பும் தம்பிமார் ஒன்றை அறியவேண்டும்: சாவில்லாத வீட்டில் ஒப்பாரி சொல்வது கூடாது என்று நம் பெண்கள் கருதுவர். வளவுக்கு வெளியே, வயற்கரையில், அல்லது ஆலமரத்தடியில் வந்து சொல்லச் சம்மதிப்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று சிரித்து, வீட்டுக்குள்ளேயே சொல்லும்படி வற்புறுத்துவது அறிவுடைமை ஆகாது. போரிற் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் இன்னும் பன்மடங்கு கவனம் வேண்டும். 2009 இற்குப் பின் அவர்களிடம் எத்தனையோ பேர் ஒலிவாங்கியை நீட்டியிருக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் அவர்கள் முதலிலிருந்து சொல்லி அழவேண்டியிருந்தது. ஒருமுறை பதிந்தது எங்கே இருக்கின்றது என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திருக்குளிர்த்தியின்போது கட்டாடியாரிடம் உத்தரவு கேட்காமல் கருவியைத் திறக்கக்கூடாது. ஆண்டில் அந்தச் சில நாட்களுக்கே கதவு திறக்கும் கோயில்கள் அவை. வழக்குரை படிப்பதைப் பதியலாம், உள்ளே எடுக்கவேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவே எல்லை.

காசைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். யூரியூப்பில் விளம்பரப் பங்கு பெறுவதற்கு ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டுக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது குறும்படங்களுக்குத் தொண்ணூறு நாட்களில் ஒரு கோடி பார்வை வேண்டும். இவ்விரண்டாம் வழியே சுழலும் கிரீடத்தை முப்பது விநாடியாக வெட்டவைக்கின்றது. இளைஞனும் உண்ணவேண்டும், பெற்றோல் அடிக்கவேண்டும். வருமானம் தேடுவதைக் குற்றமென்று நான் சொல்லேன். ஆயினும் அண்ணாவியார் மத்தளத்துக்குத் தோல் மாற்றவும் காசு தேவை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகை செய்வோருக்கும் உரிமை உண்டென ஏற்றிருக்கின்றது. நீதிமன்றம் வரை யார் போகப்போகின்றார்கள்? வருவதிற் பங்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி, ஒரு துண்டில் எழுதி, இருவரும் கையொப்பம் வைத்துக்கொண்டால் போதும். வருமானம் வராவிட்டால் பங்கும் இல்லை என்று அதிலேயே எழுதிவிடலாம். கிராமத்தவருக்கு அது நன்றாக விளங்கும். வந்தது தெரியாமற் போவதைத்தான் அவர்கள் பொறுப்பதில்லை.

பதிவு எங்கே தங்கும் என்பது அடுத்தது. 1981 இல் மே 31 ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்து கரையோர வீடுகளின் கலியாணப் படங்களை வாரிக்கொண்டு போயிற்று. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அப்படியிருந்தும் நம் இளைஞரிற் பலர் மூலப்பதிவைக் கைத்தொலைபேசியிலேயே வைத்திருந்து, இடம் போதாதென்று அழித்துவிடுகின்றனர். ஒரு மணி நேரப் படம் நாலு முதல் எட்டு கிகாபைற் வரை இடம் பிடிக்கும். விடியும்வரை ஆடும் ஒரு கூத்து ஐம்பதைத் தாண்டினாலும் வியப்பில்லை. முகநூலில் ஏற்றியாயிற்று, அங்கே இருக்கும்தானே என்பர். அங்கே இருப்பது நசுக்கிச் சுருக்கிய பிரதி. கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் இல்லை.

2005 இல் இளைஞர் சிலர் கூடித் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைக் காத்துவருகின்றது. படம், ஒலி, காணொளி ஆகியவற்றுக்கென ஆவணகம் என்றொரு பகுதியையும் அது நடத்துகின்றது. உங்கள் பதிவுகளை அங்கே கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு பிரதி, அந்த ஊருக்கே போய்ச் சேரவேண்டும். பென்டிரைவில் இட்டு அண்ணாவியாரின் வீட்டில் ஒன்று, ஊர்ப் பாடசாலையில் ஒன்று, கோயிற் பரிபாலன சபையிடம் ஒன்று. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அன்று மாலை ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி எல்லாருக்கும் போட்டுக்காட்டுங்கள். ‘அது நானில்லை, என்ர தமையன்’ என்று ஒருவர் திருத்துவார். ‘இந்தத் தருவைப் பழைய அண்ணாவியார் வேறு மாதிரிப் படிப்பார்’ என்று இன்னொருவர் எழும்பிப் பாடியே காட்டுவார். அதையும் பதியுங்கள். முதற் பதிவைவிட அது சிறந்ததாயிருத்தல் கூடும்.

இச்சங்கத்தின் அங்கத்தவர் கையில் எத்தனை கைத்தொலைபேசிகள் இருக்கின்றன என்று நான் எண்ணவில்லை, நாற்காலிகளைவிடக் குறைவாயிராது. வருகிற ஆண்டுக்கு ஒரு சிறு வேலையை உங்களிடம் ஒப்படைக்க விரும்புகின்றேன். உங்கள் உங்கள் ஊரிலே கூத்துக் கொப்பி வைத்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள். அது பெட்டகத்திலோ பரணிலோ, பழைய பாற்பேணியிலோ கிடக்கும். கேட்டவுடன் தரமாட்டார், தராமலிருக்க அவருக்குக் காரணம் உண்டு, முன்னர் கொண்டுபோனவர் திருப்பிக் கொடுத்திருக்கமாட்டார். ஆதலால் கொப்பியைக் கேட்காதீர்கள். அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, அவரே தாளைப் புரட்ட, நீங்கள் படம் எடுங்கள். அவருக்குப் பாட வரும் இடங்களில் நிறுத்திப் பாடச் சொல்லி ஒலியைப் பதியுங்கள். கோப்பின் பெயரில் ஊர், ஆள், திகதி மூன்றும் இருக்கட்டும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், இன்ன ஊர் இன்னார் இன்னாருக்காகப் பார்த்து எழுதியது என்று இரண்டு வரி பெரும்பாலும் இருக்கும். செல்லரிப்பது வழக்கமாக அந்தப் பக்கத்தைத்தான். அதை முதலில் எடுத்துவிடுங்கள்.